அணி இடம்பெயரலாம், கடன் இடம்பெயராது

கடன் கேட்டு வரும் எவரிடமும் வங்கி மூன்று கேள்விகளைக் கேட்கிறது. பணம் எதற்காக? அது எந்த வருவாயிலிருந்து திரும்பி வரும்? அந்த வருவாய் வராமற்போனால் இழப்பை யார் ஏற்பார்? பெட்டிக்கடை வைக்க ஐம்பதாயிரம் ரூபாய் கேட்பவருக்கும் ஆலை அமைக்க ஐந்நூறு கோடி கேட்பவருக்கும் இக்கேள்விகள் பொதுவானவை. தொகை மாறும், கேள்விகள் மாறுவதில்லை.

இக்கட்டுரையில் அம்மூன்று கேள்விகளையும் சற்றே புதியதொரு பொருளின்மீது வைத்துப் பார்க்க விரும்புகிறோம். நகரத்தின் மையத்தில், கடலையோ ஆற்றையோ ஒட்டிப் பாழடைந்து கிடக்கும் கரையோரத்தை ஒரு விளையாட்டு அணியைக் கொண்டு மீட்டெடுக்க இயலுமா? அமெரிக்க நகரங்கள் சென்ற முப்பது ஆண்டுகளாக இதனை முயன்று பார்த்திருக்கின்றன. சில வென்றன, சில பெருங்கடனில் சிக்கின, சில கையெழுத்திடும் முன்னரே விலகிக்கொண்டன. அவற்றுள் மூன்று நகரங்களின் கணக்கைப் படிப்பது, பெரிய திட்டங்களின் அருகில் மனை வாங்க நினைக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கும் பயன்தரும் என்பது எங்கள் நம்பிக்கை.

கரையோரம் காலியானது எவ்வாறு?

ஒரு காலத்தில் துறைமுகம் என்றாலே நகரத்தின் இதயம். கப்பல் வந்து நின்றதும் மூட்டைகளைத் தோளில் சுமந்து இறக்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். அவர்களுக்கு உணவகமும் விடுதியும் வேண்டும். சரக்கை வைக்கக் கிடங்குகள் வேண்டும். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சரக்குப் பெட்டகங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பும் முறை தொடங்கியது. அதன்பின் இந்தக் காட்சி மாறியது. பெட்டகங்களை அடுக்கி வைக்க அகன்ற நிலமும், பெரும் பாரந்தூக்கிகளும், இருப்புப்பாதை இணைப்பும் தேவைப்பட்டன. நகர மையத்தின் குறுகிய பழைய துறைகளில் அவற்றுக்கு இடமில்லை.

இதன் விளைவைச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் தெளிவாகக் காணலாம். விரிகுடாவின் மேற்குக் கரையிலிருந்த சான் பிரான்சிஸ்கோவின் துறைகள் வெறிச்சோடின. கிழக்குக் கரையிலிருந்த ஓக்லாந்து 1960களிலேயே பெட்டகத் துறைமுகமாக மாறி அந்த வணிகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. நீரைப் பார்த்தபடி இருக்கும் மையப்பகுதி நிலம், துருப்பிடித்த கொட்டகைகளும் வாகன நிறுத்துமிடங்களுமாகக் கிடந்தது. நிலம் விலைமதிப்புள்ளது, ஆனால் அங்கே முதலில் பணம் போட எவரும் முன்வரவில்லை. விளையாட்டு அணியின் பெயர் அடிபடத் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

அணி எதைக் கொண்டுவருகிறது?

ஓர் அணி கொண்டுவருவது மூன்று. முதலாவது, நீண்ட காலம் இருக்கப்போகும் ஒரு பெரிய குத்தகைதாரர். இரண்டாவது, கூட்டம்: அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மக்கள் வழியைத் தெரிந்துகொள்கிறார்கள். மூன்றாவது, கெடு: பல்லாண்டு காலம் கோப்புகளில் உறங்கிய சாலை, இரயில், பூங்காத் திட்டங்களை, தொடக்க ஆட்டத்தின் தேதி எழுப்பிவிடுகிறது.

கொண்டுவர முடியாதது ஒன்றும் உண்டு. அதுதான் அன்றாட வாழ்க்கை. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டிகளில் ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அவற்றில் 81 மட்டுமே சொந்த அரங்கில் நடக்கும். அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சொந்த அரங்கில் கிடைப்பவை வழக்கமான பருவத்தில் எட்டோ ஒன்பதோ ஆட்டங்கள். நமக்குத் தெரிந்த ஐ.பி.எல். போட்டியின் லீக் சுற்றில் ஓர் அணிக்கு ஏழு. ஆக, பேஸ்பால் அரங்கமேகூட ஆண்டில் 284 நாள்கள் ஆட்டமின்றி இருக்கும். ஆட்ட நாளை மட்டும் நம்பி அருகே உணவகம் நடத்துபவர் எந்த வங்கியின் தவணையையும் கட்ட இயலாது.

இன்னொன்றையும் கருத வேண்டும். ஒரு குடும்பம் மாதத்துக்கு இரண்டாயிரம் ரூபாயைப் பொழுதுபோக்குக்கென ஒதுக்குகிறது என்க. அத்தொகையை அரங்கில் செலவிட்டால், திரைப்படத்துக்கோ வேறு பகுதியின் உணவகத்துக்கோ போகவேண்டிய தொகை குறைகிறது. கரையோரத்துக்கு அது புது வருவாய். நகரம் முழுமைக்கும் அது பெரும்பாலும் பழைய வருவாயே. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்னும் பொருளியலறிஞர்கள் தொகுத்து, 1997இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்ந்தது. அரங்கத்துக்காகச் செலவிடப்படும் பொதுப்பணத்தை ஈடுசெய்யும் அளவுக்கு ஊரின் பொருளாதாரம் வளர்வதில்லை என்பதே பொருளியலறிஞர் பெரும்பாலோரின் முடிவு. ஆகவே அரங்கம் வேண்டுமா என்பதைக் காட்டிலும், அதற்கு யார் பணம் போடுகிறார், எவர் பெயரில் கடன் எழுதப்படுகிறது என்பதே முதன்மையான வினா.

சான் பிரான்சிஸ்கோ: அணியே கடன்காரர்

ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணி 1958இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. 1960 முதல் 1999 வரை அது ஆடிய கேண்டில்ஸ்டிக் அரங்கம், நகரின் தென்கோடியில், குளிர்காற்று ஓயாது வீசும் இடத்தில் இருந்தது. நகர மையத்தருகே புது அரங்கம் வேண்டுமென 1987இலும் 1989இலும் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. இருமுறையும் மக்கள் மறுத்தனர். அண்மையிலுள்ள சாண்டா கிளாரா பகுதியில் 1990இலும், சான் ஹொசே நகரில் 1992இலும் நடந்த வாக்கெடுப்புகளும் தோற்றன. பொதுப்பணத்தை அரங்கத்துக்குத் தர அம்மக்களுக்கு மனமில்லை.

1992இல் அணியைப் புளோரிடாவின் டாம்பா விரிகுடாப் பகுதிக்கு விற்க அதன் உரிமையாளர் உடன்பட்டார். சக அணிகளின் உரிமையாளர்கள் அவ்விற்பனையை ஏற்கவில்லை. பீட்டர் மகவன் தலைமையிலான உள்ளூர் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு அணியை வாங்கினர். நான்கு தோல்விகளையும் கண்ட அவர்கள், பெரும்பாலும் தனியார் பணத்தில் அரங்கம் கட்டுவதாக அறிவித்து 1996 மார்ச்சில் மீண்டும் மக்களிடம் சென்றனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வாக்குகள் ஆதரவாக விழுந்தன.

35.7 கோடி டாலர் செலவில் அந்த அரங்கம் 2000 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 1962இல் திறந்த லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் அரங்குக்குப் பின், முதன்மைப் போட்டிகளில் தனியார் நிதியில் எழுந்த முதல் பேஸ்பால் அரங்கம் இதுவே. நிதியின் அமைப்பைக் கவனியுங்கள். சேஸ் வங்கிக் குழுமத்தின் வழியே 17 கோடி டாலர் கடன். அரங்குக்குத் தன் பெயரைச் சூட்டும் உரிமைக்காகப் பசிபிக் பெல் தொலைபேசி நிறுவனம் 24 ஆண்டுகளில் தர இசைந்த 5 கோடி டாலர். பிற விளம்பர ஒப்பந்தங்கள். நிரந்தர இருக்கை உரிமங்களை வாங்கிய இரசிகர்களின் முன்பணம். நகரத்தின் பங்கு, வரி உயர்விலிருந்து வந்த ஏறத்தாழ 1.5 கோடி டாலர். நிலம் துறைமுக ஆணையத்துடையது. அணி அதனைச் சந்தை வாடகைக்குக் குத்தகை எடுத்தது. நிலம் பொதுச்சொத்தாகவே நீடித்தது.

வங்கியாளர் பார்வையில் இதன் சிறப்பு யாதெனில், இழப்பு வந்தால் அதனை முதலில் தாங்க வேண்டியவர் அணியின் உரிமையாளரே. ஆகவே இருக்கைகளை நிரப்பும் பொறுப்பு அவரை உறங்கவிடாது. தொடக்க ஆண்டுகளில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் அங்கு வந்தனர். கடன் ஒழுங்காகச் செலுத்தப்பட்டது.

எனினும் கரையோரம் அரங்கத்தால் மட்டுமே உயிர்பெற்றது என்பது சரியான கணக்கன்று. 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் சேதமுற்ற, கரையை மறைத்து நின்ற மேம்பாலச் சாலை 1991இல் இடிக்கப்பட்டது. புறநகர் இரயிலின் முனையம் அரங்கின் அருகிலேயே இருந்தது. நகர இரயில் பாதை 1998இல் அப்பகுதிக்கு நீட்டிக்கப்பட்டது. அதே ஆண்டில், 303 ஏக்கர் பரப்புள்ள மிஷன் பே பகுதிக்கான திட்டமும் ஒப்புதல் பெற்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் அங்கு எழுந்தது. ஆட்டம் இல்லாத 284 நாள்களுக்கும் மருத்துவர், மாணவர், ஊழியர், குடியிருப்போர் என்று மக்கள் நடமாட்டம் கிடைத்தது இவற்றால்தான்.

அணி மெய்யாகவே நிலமேம்பாட்டில் இறங்கியது அதன் பின்னரே. அரங்கின் எதிர்க்கரையில் வாகன நிறுத்துமிடமாகக் கிடந்த 28 ஏக்கர் துறைமுக நிலத்தை மேம்படுத்த, டிஷ்மன் ஸ்பையர் என்னும் கட்டுமான நிறுவனத்தோடு ஜயண்ட்ஸ் அணி கூட்டுச் சேர்ந்தது. 2015 நவம்பரில் மக்கள் 74 சதவீத வாக்குகளால் ஒப்புதல் அளித்தனர். மிஷன் ராக் எனப்படும் இத்திட்டத்தில் சுமார் 1,200 வீடுகள். அவற்றில் 40 சதவீதம் குறைந்த, நடுத்தர வருவாயினருக்குக் கட்டுப்படியான வாடகையில். ஐந்து ஏக்கர் பரப்புள்ள கரையோரப் பூங்கா 2024இல் திறக்கப்பட்டது. 2020க்குப் பின் அந்நகரில் அலுவலகக் கட்டடங்களின் தேவை வெகுவாகக் குறைந்தது உண்மை. அந்த இடரின் பெரும்பங்கு அணியையும் கட்டுநரையும் சார்ந்தது, அதுவே முறை.

சின்சினாட்டி: மக்களே கடன்காரர்

ஒஹையோ ஆற்றங்கரையில் அமைந்தது சின்சினாட்டி. 1990களின் நடுவில் அந்நகரின் பெங்கால்ஸ் கால்பந்து அணி புது அரங்கம் கேட்டது. தராவிடில் வேறு ஊருக்குச் செல்லக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. அதே மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்து அணி 1995இல் பால்டிமோருக்கு இடம்பெயர்வதாக அறிவித்தது மக்களின் அச்சத்தைப் பெருக்கியது. 1996 மார்ச்சில், நகரம் அமைந்துள்ள ஹாமில்டன் மாவட்டத்தின் மக்கள், விற்பனை வரியை நூறு டாலருக்கு அரை டாலர் உயர்த்த ஒப்பினர். அவ்வரியில் கால்பந்துக்கு ஒன்றும் ரெட்ஸ் பேஸ்பால் அணிக்கு ஒன்றுமாக இரண்டு அரங்கங்கள். வரி உயர்வுக்கு ஈடாக, சொந்த வீடு வைத்திருப்போருக்குச் சொத்து வரியில் சலுகை என்பதும் வாக்குறுதி.

கால்பந்து அரங்கம் 2000இலும் பேஸ்பால் அரங்கம் 2003இலும் திறக்கப்பட்டன. இரண்டுக்கும் இடையே வீடுகளும் கடைகளும் நிறைந்த புதிய குடியிருப்புப் பகுதி எழும் என்று சொல்லப்பட்டது. அதன் பெயர் 'தி பேங்க்ஸ்'. நம் தொழிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆற்றின் இரு கரைகளையே அப்பெயர் குறிக்கிறது. அங்கே கட்டுமானம் தொடங்கியது 2008இல். முதல் குடியிருப்புகள் திறந்தது 2011இல். அரங்கம் வந்து பதினோரு ஆண்டுகள் கழித்தே அடுத்த வீடு வந்தது.

இதற்கிடையில் கணக்கு தடுமாறியது. கடன் பத்திரங்களுக்குரிய வட்டியும் அசலும் ஆண்டுதோறும் தவறாமல் செலுத்த வேண்டியவை. விற்பனை வரியோ, வணிகம் செழித்தால் கூடும், மந்தமானால் குறையும். எதிர்பார்த்த வேகத்தில் வரி வளரவில்லை. 2008இன் பொருளாதார வீழ்ச்சி நிலைமையை மேலும் மோசமாக்கியது.

வளர்ச்சி விகிதத்தில் ஏற்படும் சிறு பிழை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. இன்று 100 ரூபாயாக உள்ள வருவாய் ஆண்டுக்கு 3 சதவீதம் வளருமென்று திட்டமிட்டால், 15ஆம் ஆண்டின் முடிவில் 155 ரூபாய் 80 காசு வரவேண்டும். வளர்ச்சி 1 சதவீதமே என்றால் வருவது 116 ரூபாய் 10 காசு. நான்கில் ஒரு பங்கு குறைவு. செலவோ 155 ரூபாயை நம்பி முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது.

சின்சினாட்டியில் அணியோடு செய்த குத்தகை இச்சுமையைக் கூட்டியது. அரங்கைப் பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் பெரும்பாலும் மாவட்டத்தின் பொறுப்பு. எதிர்காலத்தில் கண்டுபிடிக்கப்படலாம் என்று கருதப்பட்ட முப்பரிமாண மறுகாட்சிக் கருவியைக்கூட அக்குத்தகை குறிப்பிட்டிருந்தது. பற்றாக்குறையைச் சமாளிக்க, வாக்களித்த சொத்து வரிச் சலுகையை மாவட்டம் பல ஆண்டுகளில் குறைத்தது. மாவட்டத்துக்குச் சொந்தமான டிரேக் மருத்துவமனை பல்கலைக்கழக மருத்துவ அமைப்புக்கு விற்கப்பட்டது. அத்தொகையும் அரங்கக் கணக்குக்கு உதவியது. ஆட்டம் பார்க்க ஒருநாளும் போகாத முதியவரும் கடையில் சோப்பு வாங்கும்போதெல்லாம் இந்தக் கடனில் தன் பங்கைச் செலுத்திக்கொண்டிருந்தார்.

நேர்மையாகச் சொன்னால், சின்சினாட்டியின் ஆற்றங்கரை இன்று அழகாகவே இருக்கிறது. பூங்காவும், அடிமை முறையிலிருந்து தப்பியோரின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும், குடியிருப்புகளும் அங்கு உள்ளன. மேம்பாடு நடக்கவில்லை என்று எவரும் கூற இயலாது. அதற்குக் கொடுத்த விலையும் அதனை யார் கொடுத்தார் என்பதும்தான் வினா.

ஓக்லாந்து: கையெழுத்தாகாத ஒப்பந்தம்

விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஓக்லாந்துக்கு இதில் முன் அனுபவம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் சென்றிருந்த ரெய்டர்ஸ் கால்பந்து அணியை 1995இல் மீண்டும் வரவழைக்க, நகரமும் மாவட்டமும் ஏறத்தாழ 20 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பழைய அரங்கை விரிவாக்கின. இருக்கை உரிமங்களின் விற்பனையால் கடன் அடையும் என்பது எதிர்பார்ப்பு. விற்பனை நடக்கவில்லை. வரி செலுத்துவோர் சுமந்தனர். 2020இல் அணி லாஸ் வேகாஸ் சென்றுவிட்டது. அது போன பின்னரும் தவணைகள் தொடர்ந்தன. இக்கட்டுரையின் தலைப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிலையில் 2018 நவம்பரில், ஓக்லாந்தின் அத்லெட்டிக்ஸ் பேஸ்பால் அணி ஒரு பெருந்திட்டத்தை முன்வைத்தது. நகர மையத்தை அடுத்த ஹோவர்ட் டெர்மினல் என்னும் 55 ஏக்கர் துறைமுக நிலத்தில் 35,000 இருக்கைகள் கொண்ட அரங்கம், 3,000 வீடுகள், அலுவலகங்கள், கடைகள், பூங்காக்கள். மொத்த மதிப்பு 1,200 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அரங்கைத் தன் செலவில் கட்டுவதாக அணி கூறியது. ஆனால் அந்நிலத்துக்கும் நகரத்துக்கும் இடையே சரக்கு இரயில்கள் ஓடுகின்றன. மண்ணில் பழைய தொழிற்கூடங்களின் மாசு படிந்திருக்கிறது. பக்கத்திலேயே துறைமுகம் இயங்குகிறது. சாலை, மேம்பாலம், மண் சீரமைப்பு ஆகியவற்றுக்கு யார் பணம் தருவது?

இங்கே 'வரி உயர்வு நிதி' என்னும் முறையை விளக்குவது நலம். ஒரு பகுதியிலிருந்து இன்று ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் சொத்து வரி வருகிறது என்க. மேம்பாட்டுக்குப் பின் அது 30 இலட்சமாகும் என எதிர்பார்த்து, கூடுதலாக வரும் 20 இலட்சத்தை ஈடாகக் காட்டி இன்றே கடன் வாங்கிச் சாலை போடுவர். கட்டடங்கள் எழுந்தால் கடன் தானே அடையும். எழாவிட்டால், கடனை எவர் தலையில் வைப்பது என்பதை ஒப்பந்தம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மேலும், அந்த உயர்வு எப்படியும் வந்திருக்கக்கூடியது என்றால், பள்ளிக்கும் தெருவிளக்குக்கும் போகவேண்டிய பணமே திசைதிருப்பப்படுகிறது.

இத்தகைய நிதிப் பகுதிகள் இரண்டினை அணி கேட்டது. 2021 ஜூலை 20 அன்று ஓக்லாந்து நகரமன்றம் தன் சொந்த நிபந்தனைகளோடு, ஒரு பகுதியை மட்டும் ஏற்று வாக்களித்தது. கட்டுப்படியான வீடுகளையும் வலியுறுத்தியது. அது தாங்கள் கேட்டதன்று என்றது அணி. பேச்சு நீண்டது. 2022 பிப்ரவரியில் சுற்றுச்சூழல் அறிக்கையும் ஒப்புதல் பெற்றது. ஆயினும் 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நிலம் பேசி முடித்ததாக அணி அறிவித்தது. 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் அதன் கடைசி ஆட்டம் நடந்தது.

அந்நகரின் துயரத்தைச் சிறிதாக எண்ணலாகாது. கூடைப்பந்து அணியான வாரியர்ஸ் 2019இல் எதிர்க்கரைக்குப் போனது. அடுத்த ஆண்டு ரெய்டர்ஸ். பின் 1968 முதல் ஊரின் பெயரைச் சுமந்த அத்லெட்டிக்ஸ். ஐந்தே ஆண்டுகளில் மூன்று அணிகளும் இல்லாமற்போயின. அரங்கில் தின்பண்டம் விற்றவரும் வாயில் காத்தவரும் பிழைப்பு இழந்தனர். எனினும் வங்கிக் கணக்கின்படி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தகுதியற்ற கடனை மறுக்கும் வங்கி, வரக்கூடிய வட்டியை இழக்கிறது. அதனைக் கொடுத்துவிடும் வங்கி அசலையே இழக்கிறது. ஓக்லாந்தின் 55 ஏக்கர் இன்றும் அதன் துறைமுகத்துக்கே உரியது. அந்நிலத்தின்மீது அரங்கக் கடன் ஏதும் இல்லை. தாங்கக்கூடிய இழப்பு எது, தாங்க முடியாதது எது என்று பிரித்தறிவதே கடன் கலையின் அடிப்படை.

மூன்று நகரங்களின் பாடம்

மூன்றையும் அருகருகே வைத்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

முதலாவது, தன் பணத்தைப் போடும் அணி பொறுப்போடு நடக்கிறது. பிறர் பணத்தில் கட்டப்பட்ட அரங்கில் ஆடும் அணிக்கு அந்தக் கட்டாயம் குறைவு. கடன் கேட்பவரின் சொந்தப் பங்கை வங்கி வலியுறுத்துவதன் காரணமும் இதுவே.

இரண்டாவது, நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடும் நகரம், மதிப்பு உயரும்போது தன் பங்கைப் பெறுகிறது. அணி போனாலும் நிலம் நிற்கிறது.

மூன்றாவது, அரங்கம் முதலில், வீடுகள் பிறகு என்று விட்டுவிட்டால் 'பிறகு' என்பது பத்து ஆண்டுகளாகலாம். எந்தக் கட்டடம் எந்த ஆண்டுக்குள் என்ற கால அட்டவணையும், தவறினால் தண்டமும் ஒப்பந்தத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, நிலையான தவணைக்கு நிலையற்ற வருவாயை ஈடாக வைப்பது தீங்கு. மாதச் சம்பளம் வாங்குபவரும், பருவத்துக்கு ஏற்ப வருவாய் ஏறி இறங்கும் வணிகரும் ஒரே அளவு தவணையை ஏற்க இயலாது. மாவட்டங்களுக்கும் இது பொருந்தும்.

நம் வாடிக்கையாளருக்கு இதில் என்ன?

'அருகில் பன்னாட்டு விளையாட்டரங்கம் வரப்போகிறது', 'ஆற்றங்கரை நடைபாதை வரப்போகிறது' என்னும் விளம்பரங்களோடு மனைகளும் அடுக்ககங்களும் நாடெங்கும் விற்கப்படுகின்றன. அவற்றில் சில மெய்யாகலாம். வாங்குபவர் கவனிக்க வேண்டியது, அந்த வாக்குறுதிக்கான விலையை யார் கொடுக்கிறார் என்பதை.

ஒரு கணக்கு பார்ப்போம். இன்றைய சந்தையில் 60 இலட்சம் பெறும் வீட்டுக்கு, அரங்கம் வருவதைக் காட்டி 70 இலட்சம் கேட்கிறார்கள். வங்கியின் மதிப்பீட்டாளர் வராத அரங்கத்துக்கு மதிப்புப் போடுவதில்லை; அவர் 60 இலட்சம் என்றே எழுதுவார். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, வீட்டுக்கடன் 30 இலட்சம் வரை எனில் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 இலட்சம் வரை எனில் 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமுமே உச்ச வரம்பு. ஆகவே இங்குக் கிடைக்கக்கூடிய கடன் அதிகபட்சம் 48 இலட்சம். சரியான விலைக்கு வாங்கியிருந்தால் கையிலிருந்து போடவேண்டியது 12 இலட்சம். இப்போது 22 இலட்சம். வேறுபாடான அந்தப் பத்து இலட்சம் முழுவதும் வாங்குபவரின் சேமிப்பு; இன்னொருவர் கட்டப்போவதாகச் சொல்லும் ஒன்றை நம்பிப் போடப்படுவது.

அத்தகைய வீட்டை வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்டறிய வேண்டுகிறோம். திட்டம் அறிவிப்பாக மட்டும் உள்ளதா, ஒப்பந்தம் கையெழுத்தாகி நிதி ஒதுக்கப்பட்டுள்ளதா? நிலம் யாருடையது, வழக்கு ஏதும் உள்ளதா? சாலையும் குடிநீரும் கழிவுநீர் வடிகாலும் அரங்கத்துக்கு முன் வருமா, பின் வருமா? ஆட்டம் இல்லாத நாள்களில் அப்பகுதியில் வேலைவாய்ப்போ பள்ளியோ மருத்துவமனையோ உண்டா? அரங்கம் வராமலே போனாலும் இவ்விலைக்கு இவ்வீட்டை வாங்குவோமா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று மனம் தயங்காமல் சொன்னால், பிற விடைகள் சற்றுக் குறைபட்டாலும் பெருந்தீங்கு இல்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி கட்டுநரின் திட்டம் பதிவு பெற்றுள்ளதா என்று மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அப்பதிவு கட்டுநரின் சொந்தத் திட்டத்துக்கு மட்டுமே உரியது. அடுத்த நிலத்தில் பிறர் கட்டப்போவதாகப் பேசப்படும் அரங்கத்தை அது தாங்காது என்பதையும் மறத்தலாகாது.

மாநகராட்சிக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்வோருக்கும் ஒரு சொல். நம் நாட்டில் அகமதாபாத் மாநகராட்சி 1998இலேயே 100 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் வெளியிட்டது; இன்று பல நகரங்கள் அவ்வழியில் நிதி திரட்டுகின்றன. தர மதிப்பீட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், வட்டியும் அசலும் எந்த வருவாயிலிருந்து வரும், அவ்வருவாய் ஏறி இறங்கும் இயல்புடையதா என்பதையும் வெளியீட்டு ஆவணத்தில் படித்தறிதல் நன்று.

விளையாட்டு அணி ஒரு நகரத்துக்குப் பெருமை. கரையோரம் மக்களுக்குத் திரும்பக் கிடைப்பது அதனினும் பெரிய பேறு. இரண்டையும் இணைக்கும் திட்டங்கள் நம் நாட்டிலும் பெருகக்கூடும்; அவற்றை வரவேற்போம். வரவேற்கும்போதே அந்த மூன்றாம் கேள்வியையும் கேட்போம்: வருவாய் வராமற்போனால் இழப்பை யார் ஏற்பார்? விடை எழுத்தில் இருந்தால் முன்செல்லலாம். விடை வாய்மொழியாக மட்டும் இருந்தால், ஒப்பந்தப் படியுடன் அருகிலுள்ள கிளைக்கு வந்து கடன் பிரிவு அதிகாரியிடம் கலந்து பேசுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வருவது நலம்.